டிஃப்ராக் செய்தால் மின்னஞ்சல் போய்விடுமா?

(ஸ்ரீரங்கத்தில் மூத்த குடிமக்களுக்கான கணினி, கைபேசிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்றைக்குக் கைபேசியில் இடம் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான் பேசுவதாக இருந்தேன். போன வாரம் வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அதனால் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

அவர் கேட்டது இதுதான்: "ஏம்மா, என் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருது. சரிபார்க்க வந்த பையன் டிஃப்ராக் பண்ணினா வேகமாயிடும்ங்கறான். பதினோரு வருஷ மெயில் அதுலதான் இருக்கு. பென்ஷன் கணக்கு, நிலத் தகராறுல வக்கீலோட எழுதினது, பையன் அனுப்பினது எல்லாம். பண்ணலாமா, கூடாதா?"

"பண்ணலாம் சார், பயம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு உறுத்தியது. பதில் தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதி எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதையில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

என் தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு மேல அடையவளஞ்சான் வீதியில். அத்தை அப்போது மஸ்கட்டில் இருந்தார். வாரம் ஒரு மின்னஞ்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் தாத்தா கணினியைப் போட்டு, அத்தை எழுதியதைச் சத்தமாக வாசிப்பார். பாட்டி அடுக்களையில் இருந்தபடியே கேட்பார். "திரும்பப் படிங்கோ" என்று சொன்னால் இரண்டாம் முறையும் வாசிப்பு நடக்கும்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் கணினி மெதுவாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்து டிஃப்ராக் போட்டுவிட்டார். திரையில் பட்டைகள் நிறம் மாறி நகர்ந்தன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சாயங்காலம் ஆகியும் முடியவில்லை, ஒரே இடத்தில் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டார்கள். மறுநாள் அஞ்சல் மென்பொருள் திறக்கவே இல்லை. ஆறு வருஷக் கடிதங்கள் போயின.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "டிஃப்ராக் பண்ணி மெயிலை அழிச்சுட்டாங்க" என்பது நிலையான வாக்கியம். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

வேலைக்கு வந்த பிறகு, பரணில் பித்தளைப் பாத்திரங்களோடு கிடந்த அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கணினி தெரிந்த தோழி ஒருத்தியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் சொன்னது வேறு கதை. அந்த டிஸ்க்கில் படிக்கவே முடியாத பழுதுப் பகுதிகள் ஏகப்பட்டவை. "டிஸ்க் முன்னாடியே சாகத் தொடங்கியிருக்கு. ஏதாவது சத்தம் வந்துச்சா?" என்றாள். வந்தது. "உள்ளே கடிகாரம் மாதிரி டிக் டிக்குன்னு சத்தம் கேக்கறது" என்று தாத்தா பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

ஆக, டிஃப்ராக் அந்தக் கடிதங்களை அழிக்கவில்லை. செத்துக்கொண்டிருந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அந்தக் கடிதங்களுக்கு உலகத்தில் வேறெங்கும் நகல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிஃப்ராக் என்றால் என்ன?

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் வெளியூரிலிருந்து இருபது பேர் கொண்ட ஒரு குடும்பம் ஸ்ரீரங்கம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் இருபது பேருக்கும் அறை கிடைக்குமா? கிடைக்காது. கீழச் சித்திரை வீதியில் நாலு பேர், வடக்கு உத்தர வீதியில் மூணு பேர், அம்மா மண்டபம் சாலையில் ஆறு பேர், மிச்சப் பேர் திருவானைக்காவலில். யார் எங்கே என்று குடும்பத் தலைவர் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். எல்லாரும் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் காலையில் எல்லாரையும் கூட்டிச் சேர்க்க அவர் ஊரையே சுற்ற வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். விண்டோஸ் கணினி பொதுவாக டிஸ்க்கை 4 கே.பி. அளவுள்ள சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வைத்திருக்கும். 1 ஜி.பி. அஞ்சல் கோப்பு ஒன்றுக்கு இப்படி 2,62,144 அறைகள் வேண்டும். அஞ்சல் கோப்பு ஒரேயடியாக இந்த அளவுக்கு வருவதில்லை. தினம் நாலு மின்னஞ்சலாக வளர்கிறது. வளரும்போது பக்கத்து அறையில் வேறு யாராவது குடியேறியிருப்பார்கள். எங்கே காலியோ அங்கே போய் உட்காரும். அதனால்தான் ஒரு கணினியில் மிக அதிகமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளில் அஞ்சல் கோப்பும் ஒன்று.

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். நூறு இடம் தாவினால் ஒரு விநாடி. ஆயிரக்கணக்கில் தாவினால் நீங்கள் மெயிலைத் திறந்துவிட்டுப் போய்க் காபி போட்டு வந்துவிடலாம்.

டிஃப்ராக் என்பது, கூட்டம் குறைந்த பிறகு அந்த இருபது பேரையும் யாத்ரி நிவாஸில் ஒரே தளத்தில் வரிசையாகக் குடியேற்றுவது. ஆட்கள் அதே ஆட்கள்தான். அவர்கள் பெட்டியை யாரும் திறக்கவில்லை. தலைவர் கையிலுள்ள தாளில் அறை எண் மட்டும் மாறுகிறது.

விண்டோஸ் இதைச் செய்யும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் புது அறையில் ஒரு நகல் எழுதும். பிறகு தாளில் எண்ணை மாற்றும். அதற்கப்புறம்தான் பழைய அறையைக் காலி என்று குறிக்கும். இன்றைய விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் தாளில் செய்யும் மாற்றத்துக்கும் தனியாக ஒரு குறிப்பேடு உண்டு. நடுவில் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

உள்ளே இருப்பது மாறுமா?

மாறாது. வாய்ச்சொல்லாக விட வேண்டாம் என்று வீட்டில் ஒரு சோதனையும் செய்து பார்த்தேன்.

ஒவ்வொரு கோப்புக்கும் 'ஹேஷ்' என்று ஒரு மதிப்பைக் கணக்கிடலாம். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்தும் எண்ணுமாக வரும். கோப்புக்குள் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுக்க வேறாகிவிடும். பழைய மடிக்கணினியில் என் அஞ்சல் கோப்புக்கு டிஃப்ராக்குக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் ஹேஷ் எடுத்தேன். 64 இடமும் ஒன்றே.

இது வெறும் விளையாட்டு இல்லை. இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தரும்போது கொடுக்க வேண்டிய சான்றிதழில் இந்த ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். வழக்குச் சம்பந்தமான மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிஃப்ராக் கைரேகையை மாற்றாது. ஆனால் அவுட்லுக்கில் அந்தக் கோப்பைச் சும்மா திறந்து மூடினாலே மாறிவிடலாம். அப்படிப்பட்ட கோப்பைத் தொடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 7 வந்த காலத்திலிருந்து டிஃப்ராக் வாரம் ஒரு முறை தானாகவே ஓடும். விண்டோஸ் 7-இல் அதற்கு ஒதுக்கிய நேரம் புதன்கிழமை பின்னிரவு 1 மணி. பிறகு வந்த விண்டோஸ்களிலும் வாராந்திரப் பராமரிப்பில் இது உண்டு. அதாவது நீங்கள் பயப்படுகிற காரியம் உங்கள் கணினியில் உங்களுக்குத் தெரியாமலே பல முறை நடந்து முடிந்திருக்கலாம். மெயில் அப்படியேதான் இருக்கிறது, இல்லையா?

அப்படியானால் ஆபத்து எங்கே?

நாலு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, டிஸ்க்கின் உடல்நிலை. நல்ல டிஸ்க்குக்கு டிஃப்ராக் ஒரு நடைப்பயிற்சி. நோய்வாய்ப்பட்ட டிஸ்க்குக்கு அது மலைக்கோட்டை ஏறுவது மாதிரி. 'டிக் டிக்' சத்தம், கோப்பு திறக்கும்போது நெடுநேரம் உறைந்து நிற்பது, அடிக்கடி நீலத்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஃப்ராக் வேண்டாம். முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான்.

இரண்டாவது, மின்தடை. குறிப்பேடு காப்பாற்றும் என்று சொன்னேன். பெரும்பாலும் காப்பாற்றும். ஆனால் பழைய எஃப்.ஏ.டி.-32 முறையில் இருக்கும் டிஸ்க்குகளில் அந்தக் குறிப்பேடே கிடையாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின் நிறுத்தம் என்று நாளிதழில் அறிவிப்பு வருகிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுச் செய்யுங்கள். நடுவில் பொறுமை இழந்து சுவிட்சை அணைக்க வேண்டாம். நிறுத்த வேண்டும் என்றால் அதே திரையில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது.

மூன்றாவது, தவறுதலாக அழித்தது. முக்கியமான கோப்பு ஒன்றைத் தெரியாமல் அழித்துவிட்டீர்கள், மீட்கும் மென்பொருளால் எடுக்க முடியுமா என்று பார்க்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் டிஃப்ராக் செய்யவே கூடாது. அழித்த கோப்பின் அறைகள் 'காலி' என்று குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் உள்ளே பழைய பொருள் இருக்கும். டிஃப்ராக் அந்தக் காலி அறைகளில் வேறு கோப்பைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். அப்புறம் மீட்பது ரொம்பக் கடினம். டிஃப்ராக்கால் உண்மையிலேயே மெயில் போகிற இடம் இது ஒன்றுதான்.

நான்காவது, பெயர்க் குழப்பம். டிஃப்ராக் வேறு, 'காம்பாக்ட்' வேறு. அஞ்சல் மென்பொருளில் நீங்கள் அழித்த மின்னஞ்சலின் இடம் கோப்புக்குள்ளேயே ஓட்டையாகக் கிடக்கும். அவுட்லுக்கிலும் தண்டர்பேர்டிலும் இருக்கும் காம்பாக்ட் வசதி அந்த ஓட்டைகளை எடுத்துவிட்டுக் கோப்பைச் சுருக்குகிறது. அதாவது இது அறையை மாற்றுவதில்லை, பெட்டியையே திறந்து துணியை மடித்து வைக்கிறது. நடுவில் நின்றால் கோப்பு கெடுவதற்கு வாய்ப்பு இங்கேதான் அதிகம். அதேபோல அவுட்லுக்கோடு வரும் 'இன்பாக்ஸ் ரிப்பேர்' கருவியும் கோப்பின் உள்ளே கை வைக்கும். நகல் எடுக்காமல் இந்த இரண்டையும் தொட வேண்டாம். 'ஃபார்மேட்' என்பதைச் சொல்லவே வேண்டாம். அது வீட்டையே காலி செய்வது. "டிஃப்ராக் பண்றேன்" என்று யாராவது சொன்னால், இந்த நாலில் எதைச் செய்யப் போகிறார் என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எஸ்.எஸ்.டி.யும் கைபேசியும்

அண்மைக்காலத்தில் வாங்கிய மடிக்கணினி என்றால் அதில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான் இருக்கும். அதில் சுழலும் தட்டும் இல்லை, தாவும் முள்ளும் இல்லை. எந்த அறையாக இருந்தாலும் எட்டிப் பிடிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். சிதறிக் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. அதோடு அதில் ஒவ்வோர் அறையிலும் இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. தேவையில்லாமல் இடம் மாற்றினால் அந்தக் கணக்கு கரையும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் 'ஆப்டிமைஸ்' பொத்தானை அழுத்தினால், அது எஸ்.எஸ்.டி. என்று தெரிந்துகொண்டு 'டிரிம்' என்ற வேறொரு வேலையைச் செய்யும். அதற்கு மேல் வெளியிலிருந்து டிஃப்ராக் மென்பொருள் எதுவும் போட வேண்டாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் கைபேசி. அதன் சேமிப்பகமும் எஸ்.எஸ்.டி. இனத்தைச் சேர்ந்ததுதான். அதற்கு டிஃப்ராக் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு 4.3 வந்த 2013-இலிருந்தே அந்த டிரிம் வேலையைக் கைபேசி சும்மா இருக்கும் நேரத்தில் தானே செய்துகொள்கிறது. "உங்கள் போன் மெதுவாகிவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று விளம்பரம் துள்ளி வந்தால் தொடாதீர்கள். 'டிஃப்ராக்', 'பூஸ்டர்', 'கிளீனர்' என்ற பெயரில் வரும் செயலிகள் உங்கள் தொடர்பு எண், படம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். குறுஞ்செய்தியில்தான் வங்கியின் ஓ.டி.பி. வருகிறது. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

நகல் எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையில் பிறகு சொல்கிறேன் என்று ஒன்றை நிறுத்தி வைத்தேன். அத்தையின் கடிதங்களுக்கு வேறு நகல் ஏன் இல்லை?

அஞ்சலைக் கணினிக்குக் கொண்டுவர 'பாப்', 'ஐமேப்' என்று இரண்டு வழி உண்டு. பாப் என்பது தபால்காரரிடம் கடிதத்தை வாங்கி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது. 'சர்வரிலும் ஒரு நகல் இருக்கட்டும்' என்ற கட்டத்தில் டிக் செய்யாவிட்டால், அஞ்சல் நிலையத்தில் எதுவும் மிஞ்சாது. எங்கள் வீட்டுக் கணினியில் அந்த டிக் இல்லை. ஐமேப் என்பது கடிதத்தை அஞ்சல் நிலையத்திலேயே விட்டுவிட்டு, வீட்டில் நகலைப் பார்ப்பது. கைபேசியில் நீங்கள் பார்க்கும் ஜிமெயிலும் இந்த மாதிரிதான். கைபேசி தொலைந்தாலும் அஞ்சல் போகாது. ஆனால் கைபேசியில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் உங்கள் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'ஓ.எஸ்.டி.' என்று முடிந்தால், அது பொதுவாகச் சர்வரில் இருப்பதன் நகல். கெட்டால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். 'பி.எஸ்.டி.' என்று முடிந்தால், உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம். கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடத்துங்கள். அதற்கு ஓர் எல்லையும் உண்டு. 2002 வரையிலான பழைய அவுட்லுக்கில் 2 ஜி.பி., 2010-க்குப் பிறகு வந்தவற்றில் வழக்கமாக 50 ஜி.பி. எல்லையை நெருங்க விடாதீர்கள்.

"நான் ஜிமெயில்தான் வச்சிருக்கேன், எனக்குக் கவலை இல்லை" என்று சிலர் நினைக்கலாம். உங்களுக்கும் இரண்டு கவலை உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான். பேரக்குழந்தைகளின் வீடியோவால் அது நிரம்பினால் புது மின்னஞ்சல் வருவது நின்றுவிடும். இரண்டாவது, இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பழைய கணக்கு ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒரு முறை திறந்து பாருங்கள்.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை நமக்குக் கொஞ்சம் நிம்மதி. இ-சேவை வழியாகப் பெறும் வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்கள் மின்கையொப்பத்தோடு வருபவை. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசின் இணையதளத்தில் மறுபடி பெறலாம். டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்களை அசலுக்குச் சமமாகக் கருத விதி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆவணங்களை இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம் வைத்து நகல் ஆவணம் தர முடிந்ததற்கும் காரணம், மூலப் பதிவு அலுவலகத்தில் இருந்ததுதான். ஆனால் உங்கள் மகன் எழுதிய மின்னஞ்சலுக்கும், வழக்கறிஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்கும் எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது. அதற்கு நீங்கள்தான் பதிவாளர்.

செய்யும் முறை

வீட்டில் டிஃப்ராக் செய்ய வேண்டி வந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டை முழுவதும் மூடுங்கள். திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் முழுமையாக இருக்காது.

2. அஞ்சல் கோப்பை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பென் டிரைவில் எடுத்தால் ஒரு சங்கடம் வரலாம். எஃப்.ஏ.டி.-32 முறையிலுள்ள பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 32 ஜி.பி. இடம் காலியாக இருந்தாலும் 'கோப்பு மிகப் பெரிது' என்று சொல்லும். அதை 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் ஏற்கும். மாற்றும்போது பென் டிரைவில் ஏற்கனவே இருப்பவை அழிந்துவிடும், அவற்றை முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

3. நகலின் அளவும் அசலின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் அந்த நகலைத் திறந்து நாலு மின்னஞ்சலைப் படியுங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப வேண்டாம்.

4. டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள், நிலை நல்லதா, எச்சரிக்கையா, மோசமா என்று ஒரே வார்த்தையில் காட்டும். எச்சரிக்கை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று பாருங்கள். விண்டோஸின் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திரையிலேயே எழுதியிருக்கும்.

6. டிஸ்க்கில் குறைந்தது 15 சதவீதமாவது காலியிடம் வையுங்கள். நிரம்பிய டிஸ்க்கில் ஆட்களை மாற்றிக் குடியேற்ற அறை ஏது?

7. இவ்வளவும் முடிந்த பிறகு விண்டோஸோடு வரும் வசதியைக் கொண்டே டிஃப்ராக் செய்யுங்கள். முடியும் வரை விட்டுவிடுங்கள்.

ஏழு படியில் நாலு படி டிஃப்ராக்குக்காக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை எப்போது வேண்டுமானாலும் செய்ய வேண்டியவை.

ஆசிரியர் வீட்டில்

கேள்வி கேட்ட ஆசிரியர் சாரின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கோப்பு பி.எஸ்.டி. வகை, 6 ஜி.பி.க்கு மேல். சர்வரில் நகல் இல்லை. வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. இவ்வளவு நேரம் ஆகக்கூடாது. சந்தேகப்பட்டு டிஸ்க்கின் நிலையைப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. கணினி மெதுவானதற்குக் காரணம் சிதறல் இல்லை, டிஸ்க்கே தளர்ந்துவிட்டது.

அதனால் அவர் கேள்விக்கு நான் போன வாரம் சொன்ன பதிலை அவருக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறேன். "சார், டிஃப்ராக் பாதுகாப்பானதுதான். ஆனா உங்க கம்ப்யூட்டர்ல பண்ண வேண்டாம்." புது எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. பதினோரு வருஷ மின்னஞ்சலும் அதில் திறக்கிறது. ஒரு நகல் அவர் பீரோவில், இன்னொரு நகல் சென்னையில் மகன் வீட்டில். நன்றி சொல்ல வேண்டும் என்றால், அவசரப்படாமல் முதலில் கேட்டாரே, அவருக்குத்தான் சொல்ல வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். ஏடு தேடி அவர் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனபோது, பழுதான பழைய ஏடுகளை எல்லாம் நெருப்பில் ஆகுதியாக இட்டுவிட்டார்கள் என்று தெரியவந்ததாம். பழைய ஏடு நொறுங்குவதை யாராலும் தடுக்க முடியாது. ஓலை என்றால் நொறுங்கும், டிஸ்க் என்றால் தேயும். அதற்கு முன் ஒரு படி எடுத்து வைத்தோமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

எங்கள் பாட்டி இப்போதும் அந்தக் கடிதங்களைக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கேட்டால், உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் டிஃப்ராக் செய்ய வேண்டாம். ஒரு நகல் எடுங்கள். அடுத்த வாரம் வரும்போது, எடுத்தாயிற்று என்று கை தூக்குங்கள். நான் எண்ணிப் பார்க்கப் போகிறேன்.